கீறல் விழுந்த க்யூஆர் எப்படி வேலை செய்கிறது? – கணிதக் கேள்வி பதில்

கேள்வி: டீக்கடை க்யூஆர் ஸ்டிக்கரில் நடுவில் சாயம் போய்க் கீறலும் விழுந்திருக்கிறது. ஆனாலும் போன் படித்துவிடுகிறதே, எப்படி சார்?

பதில்: அதில் கடைக்காரரின் விவரத்தோடு, அந்த விவரத்திலிருந்தே கணக்கிட்ட உபரி எண்களும் அச்சாகியிருக்கின்றன. இர்விங் ரீடும் குஸ்டவ் சாலமனும் 1960-ல் தந்த முறை இது.

சின்னதாகச் செய்து பார்ப்போம். நான் அனுப்ப வேண்டியவை 3, 5 என்ற இரண்டே எண்கள். வரைபடத்தாளில் 1-க்கு நேராக 3, 2-க்கு நேராக 5 என்று புள்ளி வைத்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதே கோட்டை நீட்டினால் அடுத்து வருபவை 7, 9. நான்கையும் அனுப்புகிறேன். உங்களுக்கு 3, 5, 8, 9 என்று வந்து சேர்கிறது. இவற்றில் ஒரே கோட்டில் நிற்கும் மூன்று புள்ளிகள் 3, 5, 9 மட்டும்தான். ஆக 8 தப்பு, அங்கே இருந்தது 7. தப்பு நடந்தது மட்டுமல்ல, எங்கே, எவ்வளவு என்பதும் தெரிந்துவிட்டது!

க்யூஆரில் நேர்கோட்டுக்குப் பதில் பெரிய பல்லுறுப்புக் கோவை. சாதாரண எண்களுக்குப் பதில் 256 உறுப்புகள் மட்டுமே கொண்ட முடிவுறு புலம், அதாவது கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்த 256-க்குள்ளேயே வரும் எண் அமைப்பு. க்யூஆரை உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கும் பிழைதிருத்த நிலையைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை சிதைவைத் தாங்கும். ஆனால் மூலைகளில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களை இந்தக் கணக்கு காப்பாற்றாது, ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் உடனே தவறு என்கிறதே, சர்வரில் தேடியா சொல்கிறது?

பதில்: தேடவே வேண்டாம். 12-வது இலக்கம், முந்தைய 11-லிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். நெதர்லாந்துக் கணிதர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட முறை. ஒழுங்கு ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் அதே இடத்தில் பொருத்த 10 வழிகள் உண்டு. அந்த 10-ஐயும் 0 முதல் 9 வரையான இலக்கங்களாக எடுத்துக்கொண்டார். சுழற்றிப் புரட்டுவதும் புரட்டிச் சுழற்றுவதும் ஒன்றல்ல, வரிசை முக்கியம். அதனால் 47-ஐ 74 என்று மாற்றி அடித்தாலும் மாட்டிக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சரி, சோதனையில் தேறிய எண்ணெல்லாம் யாருக்கோ வழங்கப்பட்ட எண் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் பூட்டுக்குப் பின்னால் பகா எண்களா?

பதில்: பகா எண்களைப் பெருக்கிப் பூட்டுவது 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ. வாட்ஸ்அப் பயன்படுத்துவது எலிப்டிக் கர்வ் முறை, அதாவது ஒருவகை வளைகோட்டின் புள்ளிகளை வைத்துப் பூட்டுவது; கணிதர்கள் கோப்லிட்ஸ், மில்லர் இருவரும் 1985-ல் தனித்தனியே முன்வைத்தது.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்கு இதையெல்லாம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

பதில்: உங்கள் ஏடிஎம் கார்டிலிருந்து. வலக்கோடியிலிருந்து இரண்டாவது இலக்கம், அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்று என இரட்டிக்கச் சொல்லுங்கள். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்கட்டும். தொடாத இலக்கங்களையும் சேர்த்துக் கூட்டினால் 10-ஆல் மீதமின்றி வகுபடும். இதுவும் ஒரு சரிபார்ப்புதான்: அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும், 09-ஐ 90 என்றோ 90-ஐ 09 என்றோ மாற்றி எழுதினால் மட்டும் பிடிபடாது. ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.