எந்த லப்டொப் கனகாலம் நிற்கும்?

சென்ற வாரம் வடமராட்சியிலிருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார்கள். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி அரச கம்பஸுக்குப் போதாது. கனடாவிலிருக்கும் மாமா ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்: கொழும்பில் தனியார் நிறுவனம், மென்பொருள் பொறியியல் பட்டம். முதல் தவணைக் காசை அவர் அனுப்புவார், மிச்சத்துக்குக் காணியை ஈடு வைப்பது என்று வீட்டில் பேச்சு. தாய் கேட்க வந்ததோ வேறு. "சேர், நாலு வருசமும் பழுதாப் போகாமல் நிக்கிற லப்டொப் எது? நாலு லட்சம் எண்டாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்ப வாங்க ஏலாது."

"யோசிக்காதேங்கோ அம்மா, பாத்து எடுக்கலாம்" என்றுதான் நானும் தொடங்கினேன். அதற்குள் தம்பி தன் பையிலிருந்து ஒரு பழைய லப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தான். சித்தியுடையதாம். திறக்கும்போது மூலை பிளந்து வந்ததென்று எறியப் போனார்களாம். அடிமூடியைக் கழற்றிக் காட்டினான். பிளாஸ்டிக்கில் பதித்திருந்த பித்தளை நட்டுகள் மூன்றும் கழன்றிருந்ததை எபொக்சிப் பசையால் திரும்ப இருத்தியிருக்கிறான். "பசை மட்டும் போட்டால் திரும்பக் கழரும் சேர். பிணைச்சல் இறுகினதுதான் பிளாஸ்டிக்கைப் பிடுங்கினது. அதுக்குத் தண்டில இருக்கிற நட்டைக் கொஞ்சம் தளர்த்தினனான்" என்றான். அதோடு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கனகாலம் நிற்க வேண்டுமென்றால் டெஸ்க்டொப். லப்டொப்பில் எல்லாம் ஒரு கைப்பிடி இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கிறது. சின்ன விசிறி, மெல்லிய செப்புக் குழாய், அதன் நுனியில் சீப்புப் பல் போன்ற தகடு. அந்தப் பல்லிடுக்கில் எங்கள் ஊர்ப் புழுதி ஒரு கம்பளிபோலப் படிந்தால் சூடு வெளியேறாது. பிள்ளைகள் மெத்தையில் வைத்துப் படம் பார்த்தால் இன்னும் மோசம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று வேறு. பற்றரி 300 முதல் 500 தரம் முழுதாக ஏறி இறங்கும்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 80 வீதமாகக் குறையும். இப்போது வரும் மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் நினைவகத்தையும் மதர்போர்ட்டோடு சேர்த்தே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அது போனால் போர்ட்டையே மாற்றச் சொல்வார்கள்.

டெஸ்க்டொப்பில் பவர் சப்ளை போனால் அதை மட்டும் மாற்றலாம். ஏ.டி.எக்ஸ் என்ற அளவு 1995இல் வந்தது. அந்த அளவுப் பவர் சப்ளை பெட்டியை இன்றைக்கும் கடையில் வாங்கிப் பூட்டலாம். ஆனால் கரண்ட் வெட்டை அது தாங்காது. லப்டொப்புக்கு அதன் பற்றரியே காவல், டெஸ்க்டொப்புக்குக் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் யூ.பி.எஸ். வேண்டும், அதன் ஈயப் பற்றரியை இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

சரி, இப்போது பிள்ளைக்கு வருகிறேன். மருத்துவம், பொறியியல், கணக்கியல் பற்றி நான் எழுதப் போவதில்லை, அவற்றைச் சொல்ல ஊரே இருக்கிறது. மென்பொருள் பட்டம் கெட்டது என்றும் சொல்லவில்லை. நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் இருந்து நிரல் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு அது நல்ல வழி. உங்கள் மகனிடம் நான் நேராகவே கேட்டேன். பள்ளிக்கூடத்தில் நிரல் எழுதப் படித்ததில் எது பிடித்தது என்றதற்கு அவனிடம் பதில் இல்லை. வீட்டுப் பழைய டெஸ்க்டொப்பை என்ன செய்தாய் என்றதும் கால் மணி நேரம் கதைத்தான். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது, அந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது, அதனால் இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டினானாம். தங்கச்சி அதில்தான் படிக்கிறாள்.

இவன் படிக்க வேண்டியது கணினி வன்பொருள். கடையில் ஸ்குரூ கழற்றும் வேலையோடு அது நிற்காது, போர்ட் மட்டத்துத் திருத்தம் வரை போகிறது. ஒரு லப்டொப் உயிரே இல்லாமல் வருகிறது என்று வையுங்கள். சாதாரணக் கடையில் "போர்ட் போச்சு" என்பார்கள். தெரிந்தவன் அதன் மின்சுற்று வரைபடத்தைத் திறப்பான். சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட் எதுவரை போகிறது, 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் பிறக்கின்றனவா என்று மின் அளக்கும் மல்டிமீற்றரால் படிப்படியாகப் பார்ப்பான். ஒரு மின்வழி தரை இணைப்போடு ஒட்டி "ஷோர்ட்" ஆகியிருந்தால் அதற்குள் ஒரு வோல்ட் அளவில் மட்டும் மின்சாரம் செலுத்தி, போர்ட்டின் மேல் அற்ககோலைப் பூசுவான். எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு, அங்கேதான் செத்த கப்பாசிற்றர். மின்னைத் தேக்கி வைக்கும், அரிசிக் குறுணியளவு சாமான். சூடான காற்றால் அதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால், போர்ட் மாற்றும் செலவு மிச்சம். கூரைச் சோலார் இன்வேட்டர், கமரா, வலையமைப்புச் சாதனங்கள் என்று இதே கைப்பழக்கம் பல இடங்களுக்குப் போகும். வரைபடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் ஆங்கிலத்தை அவன் விடக்கூடாது. தொடக்கத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

இதற்கு முறையான படிப்பு உண்டு. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. நாலாம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளர், 5உம் 6உம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டத்துக்கு நிகர். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் கணினி வன்பொருள், வலையமைப்பு சார்ந்த பயிற்சிக்கு எப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். இடையில் ஒரு நல்ல திருத்தகத்தில் பழகினாலும் வீண் போகாது. வேலையில் கற்றதைப் பரீட்சித்துத் தகைமை தரும் வழியும் உண்டு. பிறகு பட்டம் வேண்டுமென்றால் இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவொடெக்) இருக்கிறது; என்.வி.கியூ. வழியால் வருபவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. இந்தப் பாதையில் எங்குமே காணி உறுதியைக் கேட்க மாட்டார்கள்.

காணி விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அம்மா. கொழும்புத் தனியார் நிறுவனம் தருவது வெளிநாட்டுப் பட்டமென்றால் கட்டணத்தின் ஒரு பகுதி பவுண்சில் வரும்; ரூபாய் விழுந்தால் அதுவும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அப்போது படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் என் முன்னால் வந்து இருந்திருக்கிறார்கள். கடன் அவர்களோடு கூடவே வந்தது. மாமா முதல் தவணையைத்தான் தருகிறார், மிச்சத்துக்கு உங்கள் வளவுதான் பிணை. பிள்ளைக்கு விருப்பமில்லாத படிப்புக்கு அதை வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

"ரிப்பெயர்காரன் எண்டால் சனம் என்ன சொல்லும்" என்று கேட்டீர்கள். அப்போது தம்பி தலையைக் குனிந்தான். அதை நீங்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இனி அந்தச் சொல்லை அவன் முன்னால் சொல்லாதீர்கள்.

இப்போதைக்கு லப்டொப் வாங்க வேண்டாம். அந்தக் காசில் சிறு பங்கை எடுத்து வீட்டு டெஸ்க்டொப்புக்கு ஒரு யூ.பி.எஸ்., தம்பிக்கு நல்ல மல்டிமீற்றர், வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய, ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். திங்கட்கிழமை இருவருமாகத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போங்கள். மாமாவுக்குச் சொல்லத் தயக்கமென்றால் அவருடைய இலக்கத்தைத் தாருங்கள், நான் கதைக்கிறேன்.