அந்தப் படங்களை என்ன செய்வது?

அன்புள்ள அண்ணா,

மே மாதம் வந்தாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 2009இல் ஈழப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் படங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை போன் என் ஒன்பது வயது மகள் கையில் இருந்தது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இவற்றை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டால் என்ன? பிணத்தைப் பார்த்துத்தான் நினைவுகூர வேண்டுமா?

செல்வி, திருச்சி

அன்புள்ள செல்வி,

மகள் இப்போது எப்படி இருக்கிறாள்? அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள், அதட்டி அடக்கிவிடாதீர்கள்.

அது அவள் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிட என்னால் சம்மதிக்க முடியாது. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்டு, உடம்பில் துணியில்லாமல் இருக்கும் ஆண்களைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள். போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதை மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். துப்பாக்கியின் உதைப்பு, உடல் விழுந்த விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். பார்க்கச் சகிக்கவில்லை என்று யாராவது அதை அழித்திருந்தால், அரசு சொன்னதே கடைசி வார்த்தையாக நின்றிருக்கும். 2017இல் யூடியூப் தீவிரவாதக் காணொளிகளைத் தானாகக் கண்டுபிடித்து நீக்க ஆரம்பித்தபோது, சிரியப் போரின் சாட்சியங்கள் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் காணாமல் போயின.

போர் முடிந்த சமயம் எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேலே தலைவர்களின் முகங்கள் வரிசையாக, கீழே இறந்துபோன சிறுவன். பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒரு அக்கா தினமும் சாயங்காலம் வந்து அதன் முன்னால் நிற்பார். ஒருநாள் கேட்டேன். "எங்கட அண்ணன்ட பெடியன் மாதிரிக் கிடக்கு தம்பி. வடிவாத் தெரியேல்ல" என்றார். வைத்தவர்களிடம் போய் விசாரித்தேன். எந்த ஊர், என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. யாரோ அனுப்பினார்களாம். அடுத்த வாரம் அதைக் கழற்றிவிட்டு ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

அந்த அக்காவுக்கு அந்தப் படம் தேவைப்பட்டது. ஊரும் தேதியும் எழுதி, மூலப் பிரதி கெடாமல், தேடி வருபவர் தனியாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஓர் இடத்தில் அது இருந்திருக்க வேண்டும். துணி களையப்பட்ட பெண்களின் படங்களையோ, குடும்பத்தாரும் விசாரிப்பவர்களும் தவிர வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை. கொன்றவர்களே எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. நாமும் அவற்றைப் பரப்பினால் அந்தப் பெண்களை இன்னொரு முறை அவமானப்படுத்துகிறோம்.

சரி, உங்கள் குழுவுக்கு அனுப்பியவரிடம் கேளுங்கள்: எங்கே, எப்போது, யார் எடுத்தது? தெரியாது என்றால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் அம்மாக்கள் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருப்பவை பிள்ளைகள் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள். மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, முதலில் அவற்றைக் காட்டுங்கள்.