வண்டி எந்த இடத்தில் அடம் பிடிக்கிறது? ட்ராக் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

அண்ணா, அடுத்த வாரம் எனக்கு முதல் ட்ராக் டே, பந்தயத் தடத்தில் பைக் ஓட்டும் நாள். வண்டி கம்பெனி செட்டிங்கில்தான் இருக்கிறது. கம்ப்ரஷன், ரீபவுண்ட் எத்தனை கிளிக் வைக்க வேண்டும்? ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்கள்.

நம்பர் தரமாட்டேன் தம்பி. என் எடைக்கும் என் ஸ்பிரிங்குக்கும் பொருந்திய நம்பர் உங்கள் வண்டியில் வெறும் குருட்டு யோகம். கம்ப்ரஷன் என்பது சஸ்பென்ஷன் அமுங்கும் வேகத்தையும், ரீபவுண்ட் என்பது அது திரும்பி நீளும் வேகத்தையும் அடக்குவது. அவற்றை மாற்றும் திருகான கிளிக்கரைத் தொடாமல் முதலில் ஸேக் பாருங்கள். வண்டியின் எடையாலும் உங்கள் எடையாலும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் ஸேக்.

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்கி, ஆக்ஸிலுக்கும் அதற்கு நேர் மேலே வாலில் ஒரு புள்ளிக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், சூட், பூட்ஸ் எல்லாம் போட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஸேக். முன்பக்கமும் இதே வேலைதான். முன்னால் 30 முதல் 35 மில்லிமீட்டர், பின்னால் 25 முதல் 30 என்று ஆரம்பிக்கலாம். சீல்கள் பிடித்துக்கொள்வதால் ஒருமுறை அளந்தால் ஏமாற்றும். வண்டியை அமுக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவாக விட்டு இன்னொரு அளவு எடுத்து, சராசரியைப் பாருங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் உட்கார என்று மூன்று பேர் வேண்டும். தனியாக முயன்றால் வண்டி உங்கள் மேல்தான் விழும்.

டேம்பிங்கை, அதாவது கம்ப்ரஷனையும் ரீபவுண்டையும், மேனுவலில் உள்ள அளவில் வையுங்கள். திருகை மூடினால் டேம்பிங் கூடும், திறந்தால் குறையும். இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிய, திருகை எண்ணிக்கொண்டே மென்மையாகக் கடைசி வரை மூட வேண்டும்; மேனுவல் அளவுக்கு அங்கிருந்து எண்ணிக்கொண்டே திறக்க வேண்டும். நோட்டில் எழுதி வையுங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

என் எடை 95 கிலோ. பின் பிரீலோடை முழுதாக ஏற்றிவிட்டேன். இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும்தானே?

இறுகாது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. பிரீலோட் என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது, அவ்வளவுதான். முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) ஒரு பக்கத்து ஸ்பிரிங் 9 நியூட்டன்/மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் அதற்கு இன்னொரு 9 நியூட்டன் வேண்டும். பிரீலோட் எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. மாறுவது வண்டி நிற்கும் உயரமும், அமுங்கத் தொடங்கத் தேவைப்படும் விசையும்தான்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்த ஸேக் சரியாக வரும்படி வைத்துவிட்டு, இறங்கி வண்டி தானாக எவ்வளவு அமுங்குகிறது என்று அளங்கள். கொஞ்சம்கூட அமுங்காமல் உச்சியிலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லியது. உங்கள் எடைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அதற்கு முன் வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள்.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை அண்ணா. நான் 52 கிலோ. மேடுபள்ளம் உள்ள வளைவில் வண்டி துள்ளுகிறது, கை மரத்துப் போகிறது.

மேலே சொன்ன சோதனையையே திருப்பிப் படியுங்கள் தங்கச்சி. உங்கள் ஸேக் சரியாக இருக்கும்போது வண்டி மட்டுமே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம். ரீபவுண்டையும் பாருங்கள். அது ரொம்ப மூடியிருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேட்டுக்கு மேடு சஸ்பென்ஷன் கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் அசையவே இடமிருக்காது. ‘ரொம்ப ஹார்டாக இருக்கிறது’ என்று தோன்றுவது பல நேரம் இதுதான். இரண்டு கிளிக் திறந்து பாருங்கள்.

வளைவை விட்டு வெளியே வரும்போது கோடு பிடிக்க முடியவில்லை, அகலமாகப் போய்விடுகிறேன். நண்பர் ஒருவர் ஃபோர்க்கை, அதைப் பிடித்திருக்கும் ட்ரிபிள் கிளாம்பில் 10 மில்லிமீட்டர் மேலே ஏற்றச் சொல்கிறார்.

பொறுங்கள். அகலமாகப் போவது எப்போது? பிரேக்கோடு உள்ளே நுழையும்போதா, நடுவிலா, த்ராட்டில் திறந்த பிறகா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது.

நீங்கள் சொல்வது த்ராட்டில் திறந்த பிறகு. அப்போது எடை பின்னால் போகிறது, பின்பக்கம் உட்காருகிறது, முன்பக்கம் எழுகிறது. ரேக் (ஸ்டீரிங் அச்சின் சாய்வு) விரிகிறது, ட்ரெயில் (அந்த அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடுகிறது, வண்டி நேராகப் போகத்தான் ஆசைப்படும். ஆக உங்கள் சந்தேகம் முதலில் விழ வேண்டியது பின்பக்கம். பின் ஸேக் அதிகமா, பின் கம்ப்ரஷன் ரொம்பத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முன் ரீபவுண்டை ஒரு கிளிக் மூடினால் மூக்கு எழும் வேகம் குறையும்.

அதுவும் போதாவிட்டால் பின் உயரம். உயர்த்தினால் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) சாய்வு கூடும். முடுக்கும்போது சங்கிலியின் இழுப்பும் டயரின் தள்ளலும் சேர்ந்து பின்பக்கம் உட்காராமல் தாங்குவது அந்தச் சாய்வால்தான். ஃபோர்க்கை ஏற்றி முன்பக்கத்தை இறக்கினாலும் ரேக் ஏறத்தாழ அதே அளவு குறையும், ஆனால் இந்தத் தாங்கல் கிடைக்காது. சாய்ந்தால் தரையில் உரசுவதும் சீக்கிரம் வரும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினாலும் சங்கிலி இழுக்கும் கோணம் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

10 மில்லிமீட்டர் என்பது விளையாட்டு இல்லை. 1400 மில்லிமீட்டர் வீல்பேஸில் (இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே உள்ள தூரம்) 5 மில்லிமீட்டர் இறக்கினாலே ரேக் சுமார் 0.2 டிகிரியும், ட்ரெயில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும் குறைகிறது. யமஹா ஆர்6-இன் ரேக் 24 டிகிரி, ட்ரெயில் 97 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட வண்டியில் இந்தச் சின்ன மாற்றமே கையில் தெரியும். ஏற்றுவதானால் 2, 3 மில்லிமீட்டராகப் போங்கள். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது சக்கரமோ மட்கார்டோ ரேடியேட்டரிலோ கீழ்க் கிளாம்பிலோ இடிக்காது என்று பார்த்த பிறகே ட்ராக்கில் இறங்குங்கள்.

180/55 டயரை 180/60 ஆக மாற்றினேன். வண்டி திடீரென்று சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. டயரின் பிடியா?

பிடியும் இருக்கலாம், ஆனால் உயரத்தைக் கவனியுங்கள். 180-இல் 5 சதவீதம் என்றால் 9 மில்லிமீட்டர். காகிதக் கணக்கில் உங்கள் பின் ஆக்ஸில் அவ்வளவு ஏறிவிட்டது, அதனால் ரேக் குறைந்து வண்டி சட்டென்று திரும்புகிறது. நிஜ அளவு டயருக்கு டயர் மாறும், அளந்து பாருங்கள்.

கடுமையாக பிரேக் பிடித்தால் முன்பக்கம் அடி தட்டுகிறது. கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

முதலில் அது உண்மையிலேயே அடியா? ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டுங்கள். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். முழு அமுக்கம் எங்கே முடிகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு 10 மில்லிமீட்டர் முன்னால் டை நின்றால் நல்லது. நிறைய மிச்சம் வைப்பதும் வீண்தான்.

ஸ்பிரிங் சரியாக இருந்தும் தட்டினால் ஆயிலின் அளவைக் கூட்டுங்கள், கெட்டித்தனத்தை அல்ல. ஆயில் ஏறினால் மேலே உள்ள காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிப் பகுதியில் மட்டும் எதிர்ப்பு கூடும். 5 மில்லிமீட்டராக ஏற்றிப் பாருங்கள். கெட்டி ஆயில் போட்டால் கம்ப்ரஷனும் ரீபவுண்டும் மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் மாறிவிடும்.

நேர்ப்பாதையில் முடுக்கும்போது ஹேண்டில்பார் ஆடுகிறது. ஸ்டீரிங் டேம்பர் வாங்கட்டுமா?

ஸ்டீரிங் பேரிங், சக்கர பேலன்ஸ், டயரின் தேய்மானம் மூன்றையும் பார்த்த பிறகு, ஆட்டத்தை அடக்கும் அந்த டேம்பரை வாங்குங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துத் தொங்குகிறீர்களா என்றும் யோசியுங்கள். நானே ஒரு முழு நாள் கிளிக்கரைத் திருகிவிட்டு, சாயங்காலம் வண்டியைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டியபோதுதான் பேரிங் தளர்ந்திருப்பது தெரிந்தது. அன்றைய நோட்டுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஒரு மாற்றம் செய்தேன், லேப் அரை விநாடி குறைந்தது. செட்டிங்கா, நானா?

பழைய செட்டிங்குக்கே திரும்பி இன்னொரு செஷன் ஓட்டுங்கள். அப்போதும் அதே நேரம் வந்தால் நீங்கள். டயர் பிரஷரை இரண்டு முறையும் சூடாக, உள்ளே வந்த உடனே பார்த்திருந்தால் மட்டும்.