சுண்ணாம்புச் சுவரைக் குறுக்கே வெட்டலாமா?

கேள்வி: மதுரை வடக்கு மாசி வீதியில் உள்ள எங்கள் பூர்வீக வீடு, சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய 9 அங்குலச் செங்கல் சுவர்களும், மர உத்தரங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸும் (செங்கல், சுண்ணாம்பு மச்சு) கொண்டது. வயர்களைச் சுவருக்குள் புதைக்க, எலக்ட்ரீஷியன் குறுக்குவாட்டில் காடி (நீளப் பள்ளம்) வெட்டலாம் என்கிறார், பைப் மிச்சமாகுமாம். சம்மதிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: சம்மதிக்க வேண்டாம். தூண்கள் இல்லாத இத்தகைய வீட்டில் மச்சின் பாரம் முழுவதையும் சுவரே தாங்குவதால், குறுக்குக் காடி அந்தச் சுவரை அதன் நீளம் முழுவதும் மெலிய வைத்துவிடும். பாரம் தாங்கும் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்குக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. 25 மி.மீ. பைப்புக்கும் அதன் மேல் பூச்சுக்கும் ஒன்றரை அங்குலம் வேண்டும். உங்கள் 9 அங்குலச் சுவரில் குறுக்குக் காடிக்கு அதுவே உச்ச வரம்பு, செங்குத்துக் காடிக்கோ மூன்று அங்குலம் வரை இடமுண்டு என்பதால், சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே செங்குத்தாகவே கொண்டுசெல்லச் சொல்லுங்கள். உத்தரம் சுவரில் அமரும் இடத்துக்கு நேர் கீழே எந்தக் காடியும் வேண்டாம். சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் வெட்டவும் கூடாது.

வெட்டும் முறைதான் இதில் மிக முக்கியம். பழைய காரை சம்மட்டி அடிக்கு உதிர்ந்து, பக்கத்துச் செங்கல்லையும் ஆட்டம் காண வைக்கும். கட்டிங் மெஷினால் இரு இணைகோடுகள் அறுத்த பிறகே, நடுப்பகுதியைச் சிற்றுளியால் மெல்லப் பெயர்க்க வேண்டும். பூசும் முன் காடியை நன்றாக நனைத்து, மேலே கோழிவலை அடித்துப் பூசினால் வெடிப்பு வருவது குறையும். நாலரை அங்குலச் சுவர் ஏதேனும் பாரம் தாங்கினால், அதில் வெட்டாமல் வெளியே கேசிங் பட்டை (வயரை உள்ளே வைத்து மூடும் பட்டை) அடித்துக்கொள்ளுங்கள்.