ஸ்கோபஸில் மூன்று பேராகப் பிரிந்த மானிடவியல் பேராசிரியர்

ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் உங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் மூன்று பெயரில் மூன்று கணக்காகக் கிடக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று பெயரையும் ஒன்றாக்க முடியும், காசு கிடையாது. ஸ்கோபஸின் ஆசிரியர் தேடலில் மூன்றையும் டிக் செய்து, இணைக்கக் கோரும் விண்ணப்பத்தை அனுப்புங்கள். சந்தாவும் தேவையில்லை.

துறையின் சாதனைப் பட்டியலில் அவருடைய கட்டுரைகள் பாதிதான் வருகின்றன என்றீர்கள். பெரும்பாலும் இனிஷியல்தான் காரணம். கா. முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் முருகனைக் குடும்பப் பெயராக எடுக்கும், இன்னொன்று ‘கா’வை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய பிறகு மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி.

அனுப்பும் முன் ஒவ்வொரு கணக்கிலும் உள்ள கட்டுரைத் தலைப்புகளைப் பேராசிரியரிடமே காட்டிவிடுங்கள். பழங்குடிச் சடங்குகளை ஆராயும் எங்கள் துறைக்காரர் ஒருவரின் கணக்கில் மீன் ஒட்டுண்ணி பற்றிய கட்டுரை கிடந்தது! அப்புறம் உங்கள் பேராசிரியருக்கு 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண், அதாவது பெயரை எப்படி எழுதினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வு மாணவர்களும் முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

ஒன்று, இணைத்தாலும் ஸ்கோபஸில் ஏறாதது ஏறாது. களப்பணி ஆவணப்படம், அருங்காட்சியகக் கண்காட்சி, தமிழில் வந்த இனவரைவியல் நூல் எதுவும் அங்கே தெரியாது. மானிடவியலில் பாதி உழைப்பு அதில்தான் போகிறது. துறைப் பட்டியலில் அவற்றுக்குத் தனித் தலைப்பு போட்டு, ஆண்டுடன் கையாலேயே சேர்த்துவிடுங்கள்.