பாடும் கிண்ணம்: கேள்வி பதில்

கேள்வி: தட்டினாலும் தேய்த்தாலும் நாதம் தரும் உலோகக் கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறேன். கோலால் அதன் விளிம்பைச் சுற்றித் தேய்க்கிறேன். ஒலி எழுந்ததும் கரகரவென்று இரைகிறது. கிண்ணத்தில் குறையா?

பதில்: கிண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள். ஒலி பெருகப் பெருக விளிம்பின் அதிர்வும் பெருகி, கோலை உதறித் தள்ளுகிறது. கோல் பட்டும் விலகியும் துள்ளுவதுதான் அந்த இரைச்சல். நாதம் எழுந்த கணமே சுற்றும் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள். வயலின் வில் நரம்பைப் பற்றிப் பற்றி விடுவதுபோலத்தான் இங்கே கோலும் விளிம்பைப் பற்றி விடுகிறது. விரட்டினால் பிடி நழுவிவிடும். இன்னொன்று, கிண்ணம் விரித்த உள்ளங்கையில் இருக்கட்டும். பக்கச் சுவரில் விரல் பட்டால் ஒலி அடங்கிவிடும்.

கேள்வி: ஒருமுறை தட்டினாலே பல ஸ்வரங்கள் கேட்கின்றன. எதைச் சுருதியாகக் கொள்வது?

பதில்: எல்லாவற்றுக்கும் அடியில், மிகத் தாழ்வாக ஒலிக்கும் ஸ்வரத்தை. அதைத் தனித்துக் கேட்க, தோல் சுற்றிய கோலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தந்தியில் மேற்சுரங்கள், அதாவது அடி ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள், அதன் அதிர்வெண்ணைப் போல 2, 3, 4 என்று முழு மடங்குகளில் வரும். கிண்ணத்தில் வராது. இரண்டாவது ஒலி பெரும்பாலும் 2.7 முதல் 2.8 மடங்கு, அதாவது மேல் ஸ்தாயியின் இரண்டு மத்தியமங்களுக்கும் (இரு வகை ‘ம’ ஸ்வரங்களுக்கும்) நடுவே எங்கோ நிற்கும். அதைப் பிசிறு என்று ஒதுக்காதீர்கள். கிண்ணத்தின் குணமே அதுதான்.

கேள்வி: ஒலி அலை அலையாக ஏறி இறங்குகிறதே, ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது! கையால் அடித்துச் செய்த சுவர் எங்கும் ஒரே கனமாக இருப்பதில்லை. அதனால் ஒரே ஸ்வரம் மிக நெருங்கிய இரண்டாகப் பிரிகிறது. அவை 220, 223 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) என்றால், வித்தியாசம் மூன்று என்பதால் நொடிக்கு மூன்று விம்மல்கள், அதாவது மூன்று ஏற்ற இறக்கங்கள். விளிம்பில் இடம் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் விம்மல் பளிச்சென்று கேட்கும். அங்கிருந்து சுற்றளவில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்து தட்டினால் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்த இடங்களைக் காதால் கண்டுபிடித்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஏழு உலோகக் கலவை என்று சொல்லி விற்கிறார்களே?

பதில்: நல்ல கிண்ணங்கள் பெரும்பாலும் வெண்கலம்தான்: ஐந்தில் நான்கு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். அந்தக் கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தட்டிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீர் ஊற்றி வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. தண்ணீரின் நிறை சுவரின் அதிர்வை மந்தமாக்குவதால் சுருதி இறங்கும். கொஞ்சமாக ஊற்றித் தட்டி, கிண்ணத்தை மெல்லச் சாய்த்தால் ஸ்வரம் வளைந்து நெளியும். வாசித்து முடித்ததும் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.