அரசவைக் கவிஞர் என்ற பதவி இன்னும் எதற்கு?

"மன்னர் காலத்துப் பதவியை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னரைப் பாடுவதற்கு என்றால், தேவையே இல்லை.

பிரிட்டனில் இப்பதவி 1668-ல் ஜான் டிரைடனோடு தொடங்கியது. ஆட்சி மாறியதும் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார், பதவி போயிற்று. பின்னால் வந்தவர்கள் மன்னரின் பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவற்றை இன்று யார் தேடிப் படிக்கிறார்கள்? வேர்ட்ஸ்வொர்த் விவரமானவர். எதுவும் எழுத வேண்டியதில்லை என்று பிரதமர் உறுதி சொன்ன பிறகுதான் 1843-ல் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே ஏறக்குறைய எதுவும் எழுதாமல் காலத்தை ஓட்டிவிட்டார்!

அடுத்து வந்த டென்னிசன் 42 ஆண்டுகள் இருந்தார். 1854-ல் ஒரு குதிரைப்படை தவறான உத்தரவால் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்ததைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அவராகவே எழுதிய கவிதைதான் நிலைத்தது. கேட்டு வாங்குகிற கவிதை பெரும்பாலும் சவலையாகத்தான் பிறக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பதவிக்கு உருப்படியான வேலை கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே நியமிப்பது அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவர். யாரையும் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. 1997-ல் வந்த ராபர்ட் பின்ஸ்கி, "உங்களுக்குப் பிடித்த கவிதை எது, ஏன்?" என்று மக்களிடமே கேட்டார். சுமார் 18,000 பேர் எழுதினார்கள். சிலரைப் படமும் எடுத்தார்கள். அதில் ஒரு கட்டுமானத் தொழிலாளி அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் வரிகளைப் படிப்பார். பேராசிரியர்கள் விளக்கும்போது எனக்குப் பிடிபடாத விட்மன் அவர் வாயில் பிடிபட்டார்.

இப்போது பிரிட்டனும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. இப்போதைய அரசவைக் கவிஞர் சைமன் ஆர்மிடேஜ் அகரவரிசைப்படி ஊர் ஊராக நூலகங்களுக்குப் போய்க் கவிதை படிக்கிறார். சம்பளம் ஆண்டுக்கு 5,750 பவுண்டுதான், அப்புறம் பழைய வழக்கப்படி ஒரு பீப்பாய் ஷெர்ரி மது. அந்தப் பணத்தையும் அவர் ஒரு கவிதைப் பரிசுக்குக் கொடுத்துவிட்டார். முதல் பெண் அரசவைக் கவிஞரான கரோல் ஆன் டஃபியும் அப்படித்தான் செய்தார்.

ஒரே குறை, பதவிக்காலம். பிரிட்டனில் 1999 முதல் பத்தாண்டு. அது சரி. அமெரிக்காவில் ஒரே ஆண்டு. யோசனை வேர் பிடிப்பதற்குள் ஆள் மாறிவிடும். பின்ஸ்கியை மூன்று முறை தொடர்ந்து நியமித்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் கொண்டுபோக முடிந்தது என்று நினைக்கிறேன்.